லண்டன் பூங்காவில் ஒரு சேப்பங்கிழங்கு

சேப்பங்கிழங்கு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மொறுமொறு வறுவல். புளி தூக்கலாக விட்ட குழம்பு. சரியாக வேகாவிட்டால் தொண்டையில் அரிப்பு. அவ்வளவுதான். வாய்க்கால் ஓரத்தில் யாரும் நடாமலே அகன்ற இலையோடு நிற்கும் சேம்பை நின்று பார்க்க இங்கே யாருக்கும் நேரம் கிடையாது. அந்த இலை மேல் தண்ணீர் முத்துப்போல உருளுவதைச் சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் வேடிக்கை பார்ப்பார்கள்.

இதே செடியைப் பார்க்க 1860களில் லண்டன்வாசிகள் பூங்காவுக்குப் போய் வாய்பிளந்து நின்றார்கள் என்றால் நம்ப முடிகிறதா? பக்கத்துப் பாத்தியில் கல்வாழை. அதற்கடுத்த பாத்தியில் நம் ஊர் வேலி ஓரத்து ஆமணக்கு! அதைப் பார்க்கவும் கூட்டம்.

சேம்பும் கல்வாழையும் கலாடியமும் குளிர் தேசத்துத் தோட்டத்துக்கு எப்படிப் போயின, எப்படித் தாக்குப்பிடித்தன என்பதுதான் இந்தக் கட்டுரை. வெறும் தோட்டக்கலை விஷயம் மாதிரித் தெரியும். உள்ளே போனால் வரி, நிலக்கரி, கூலி, யுத்தம் என்று ஒரு நூற்றாண்டின் வரவு செலவுக் கணக்கே இருக்கிறது.

முதலில் வெயில் கணக்கு

லண்டனில் ஜூலை மாதம்தான் உச்சக் கோடை. அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலை சுமார் 18, 19 டிகிரி செல்சியஸ். சென்னையில் ஜனவரி மாத அதிகாலையில், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு "என்ன குளிர்!" என்று சொல்லும் நேரத்திலேயே 20 டிகிரி இருக்கும். அதாவது லண்டனின் உச்சக் கோடை என்பது சென்னையின் மார்கழி விடியற்காலை.

குளிர்காலத்திலோ உறைபனி. இலைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து செல்களைக் கிழித்துவிடும். வெப்பநாட்டுச் செடி ஒரே இரவில் வெந்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கிப்போகும்.

இந்தப் பிரச்சினைக்கு இரண்டு வழிகள்தான். ஒன்று, செடிக்காக ஒரு வெப்ப நாட்டையே கட்டிக் கொடுப்பது. இன்னொன்று, குளிர்காலம் முழுக்கத் தூங்கத் தெரிந்த செடியைத் தேர்ந்தெடுப்பது. ஐரோப்பியப் பணக்காரர்கள் முதல் வழியில் போனார்கள். கிழங்குகள் இரண்டாவது வழியைக் காட்டின. எது நிலைத்தது என்பதில்தான் கதையே இருக்கிறது.

கண்ணாடியும் கரியும்

இங்கிலாந்தில் கண்ணாடிக்கு எடைக்கணக்கில் கலால் வரி இருந்தது. நூறு ஆண்டுகளாக இருந்த அந்த வரியைப் பிரதமர் ராபர்ட் பீல் 1845-ல் நீக்கினார். அதற்கு முன்பு தோட்டத்தில் பெரிய கண்ணாடி வீடு வைத்திருப்பவர் என்றால், வரியையும் கட்டிவிட்டுக் கரியையும் எரிக்க வசதியுள்ள பிரபு என்று அர்த்தம்.

அந்தப் பிரபுக்களில் முதல்வர் டெவன்ஷயர் கோமகன். டெர்பிஷயரில் உள்ள அவருடைய சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர் ஜோசப் பாக்ஸ்டன். பின்னாளில் 1851-ம் ஆண்டு கண்காட்சிக்காக லண்டனில் கிரிஸ்டல் பேலஸைக் கட்டியவர் இவர்தான். 1836-ல் சாட்ஸ்வொர்த்தில் 'கிரேட் ஸ்டோவ்' என்ற பிரம்மாண்டமான கண்ணாடி வீட்டைக் கட்ட ஆரம்பித்தார். நீளம் 227 அடி, அகலம் 123 அடி. 8 பாய்லர்கள். சுடுதண்ணீர் ஓட 7 மைல் நீளத்துக்குக் குழாய்கள். அழகைக் கெடுக்கக் கூடாது என்று கரியைப் பூமிக்கு அடியிலேயே கொண்டுவந்தார்கள். 1843-ல் விக்டோரியா மகாராணி வந்தபோது குதிரை வண்டியிலேயே உள்ளே ஒரு சுற்று வந்தார் என்றால் எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிக் கண்ணாடி வீடுகளுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது. கல்யாணம் ஆகாத இளம் தோட்டக்காரர்கள் தோட்டச் சுவரை ஒட்டிய 'பாத்தி' எனப்படும் விடுதியில் தங்குவார்கள். (நாம் செடி நடும் பாத்தி இல்லை, அந்த விடுதியின் பெயரே அதுதான்.) முறை வைத்து ராத்திரியில் எழுந்து பாய்லருக்குக் கரி போட வேண்டும். வெளியே பனி கொட்டும்போது உள்ளே பனைமரம் குளிரில் வாடாமல் இருக்க இருபது வயதுப் பையன் ஒருவன் தூக்கம் கெட வேண்டும். ஒரு நாள் அவன் அசந்து தூங்கினால் பல வருஷத்து உழைப்பு போச்சு.

அங்கே பாக்ஸ்டனிடம் வேலை கற்ற இளைஞர்களில் ஒருவர் ஜான் கிப்சன். 1835-ல், இருபது வயதை ஒட்டிய பருவத்தில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அம்ஹெர்ஸ்டியா என்ற பர்மா நாட்டுப் பூமரத்தை எப்படியாவது கொண்டுவர வேண்டும் என்பது கோமகனின் ஆசை. கல்கத்தா தாவரவியல் பூங்கா, அங்கிருந்து காசி மலைகள் என்று சுற்றி, 1837-ல் அம்ஹெர்ஸ்டியாவோடும் ஏராளமான ஆர்க்கிட் செடிகளோடும் கிப்சன் திரும்பினார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

அந்தக் காலத்தில் உயிருள்ள செடியைக் கப்பலில் கொண்டுபோவது பெரும்பாடு. உப்புக் காற்று பட்டுச் செத்துவிடும். நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் இதற்கு மூடிய கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். 1833-ல் சிட்னிக்கு அனுப்பிய செடிகள் அதற்குள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. தேயிலையும் சின்கோனாவும் கடல் தாண்டியது இந்த வகைப் பெட்டியில்தான்.

ஆனால் கிழங்குக்கு இந்தப் பெட்டியே தேவைப்படவில்லை! காய்ந்த மணலில் புதைத்து மூட்டை கட்டினால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். வார்டு பெட்டிக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1789-ல் வில்லியம் ஐட்டன் வெளியிட்ட கியூ தோட்டத்துச் செடிப் பட்டியலில் தென் அமெரிக்கக் கலாடியம் இடம்பெற்றுவிட்டது. கல்வாழை அதற்கும் முன்னால், 16-ம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது.

கல்வாழையின் அறிவியல் பெயர் 'கன்னா இண்டிகா'. 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர். இண்டிகா என்று இருப்பதால் இந்தியச் செடி என்று நினைத்துவிடக் கூடாது. அது அமெரிக்க மண்ணின் செடி. கொலம்பஸின் குழப்பத்தால் அமெரிக்காவும் 'இண்டீஸ்' ஆகிப்போனதன் மிச்சம் இது. ஆண்டீஸ் மலை மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கிழங்கை வேகவைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். வியட்நாமில் இன்றும் அதன் மாவில் சேமியா செய்கிறார்கள். ஐரோப்பியர்களோ இலையைப் பார்த்தார்கள், கிழங்கைச் சாப்பிட நினைக்கவே இல்லை.

பாரிஸ் காட்டிய வழி

ஐரோப்பாவில் தோட்டம் என்றால் முதலில் பூதான். சிவப்பு ஜெரேனியம், மஞ்சள் கால்சியோலேரியா என்று கோலப்பொடி நிரப்பியது மாதிரிப் பாத்திகளை நிரப்புவார்கள். 1850களில் ரசனை மாறியது. பூவை விட இலை அழகு என்று ஒரு மோகம் கிளம்பியது. லோ என்பவரும் ஹோவர்டு என்பவரும் சேர்ந்து 1861-ல் அழகிய இலைச் செடிகளுக்கென்றே வண்ணப் படங்களோடு ஒரு புத்தகம் போட்டார்கள். அந்த அளவுக்கு மோகம்.

இதற்கு விதை போட்டவர்களில் ஒருவர் தியோடர் ஆன்னே. சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்தில் பிரெஞ்சுத் தூதரக அலுவலராக இருந்தவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது கல்வாழைகளைக் கொண்டுவந்து, பாரிஸை ஒட்டிய பாஸி கிராமத்தில் நட்டார். 1848-ல் அவர் உருவாக்கிய கலப்பினம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. இலைதான் அதன் பெருமை, பூ சின்னதுதான்.

சரியாக அந்தச் சமயத்தில்தான் பாரிஸ் நகரமே புதிதாகக் கட்டப்பட்டது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1853 முதல் ஹவுஸ்மான் நகரத்தை இடித்து அகலத் தெருக்களும் பூங்காக்களும் போட்டார். பூங்காக்களின் பொறுப்பு அல்ஃபாந்து என்ற பொறியாளருக்கு. அவருக்குக் கீழே தலைமைத் தோட்டக்காரர் பாரியே தெஷாம்ப். நகராட்சிக்கென்றே லா முயெத் பகுதியில் பெரிய நர்சரியும் கண்ணாடி வீடுகளும் அமைத்து, லட்சக்கணக்கில் செடிகளை உற்பத்தி செய்தார்கள். கல்வாழையும் சேம்பும் அங்கிருந்து வண்டி வண்டியாகப் பூங்காக்களுக்குப் போயின.

இதில் முக்கியமான விஷயம், இவை மாளிகைத் தோட்டங்கள் இல்லை. 1861-ல் திறந்த மோன்சோ பூங்காவுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். பிரபுக்களின் கண்ணாடி வீட்டுக்குள் இருந்த வெப்பநாட்டுக் காட்சி முதல் தடவையாகத் தெருவில் போகிற ஜனங்களுக்குக் கிடைத்தது.

அந்தக் கண்ணாடி எவ்வளவு பலவீனமானது என்பதும் பாரிஸுக்குச் சீக்கிரமே தெரிந்தது. 1870-ல் பிரஷ்யப் படை நகரத்தை முற்றுகையிட்டது. 1871 ஜனவரியில் பீரங்கிக் குண்டுகள் விழுந்து பாரிஸ் தாவரவியல் தோட்டத்தின் கண்ணாடி வீடுகள் நொறுங்கின. உறைபனிக் காற்று உள்ளே புகுந்து, எங்கெங்கிருந்தோ சேகரித்த செடிகளைக் கொன்றது.

பேட்டர்சீ, 1864

இப்போது லண்டனுக்கு வருவோம். தேம்ஸ் நதியின் தென்கரையில் பேட்டர்சீ என்ற சதுப்பு நிலம் இருந்தது. 1829-ல் பிரதமராக இருந்த வெலிங்டன் கோமகனே இன்னொரு பிரபுவோடு துப்பாக்கிச் சண்டை போட வந்த ஒதுக்குப்புறம் அது. அந்தப் பள்ளத்தை, கப்பல்துறை தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, பூங்கா அமைத்து 1858-ல் திறந்தார்கள். அதன் கண்காணிப்பாளராக வந்தவர் நம்ம ஜான் கிப்சன்!

இந்தியாவைக் கண்ணால் பார்த்த மனிதர். பாரிஸில் நடப்பதும் அவருக்குத் தெரியும். 1864-ல் பேட்டர்சீயில் துணை வெப்பமண்டலத் தோட்டம் ஒன்றை அமைத்தார். இங்கிலாந்தின் பொதுப் பூங்காக்களில் அதுதான் முதல். வாழை, மரப் பெரணி, பனை, ஆமணக்கு, கல்வாழை, சேம்பு எல்லாம் புல்வெளி நடுவே கூட்டம் கூட்டமாக நின்றன. சேம்புக்கு அங்கே 'கலாடியம் எஸ்குலென்ட்டம்' என்று பெயர். அந்த இரண்டாம் வார்த்தைக்கு 'சாப்பிடத் தக்கது' என்று பொருள். பார்க்க வந்த கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது புரிந்திருக்குமோ!

கிப்சன் செடிகளை அப்படியே கொண்டுபோய் நட்டுவிடவில்லை. காற்று பலமாக அடிக்காத, மேடும் மரமும் சூழ்ந்த இடமாகப் பார்த்தார். பாத்திகளைத் தரையை விட உயர்த்தி, அடியில் செங்கல் ஜல்லி போட்டார். தண்ணீர் நிற்காது, மண்ணும் கொஞ்சம் சூடாக இருக்கும். ஆற்றோரத்துச் சதுப்பு நிலத்தில் இந்தச் சின்னத் தந்திரம்தான் வேரைக் காப்பாற்றியது.

பிரபுவின் பணத்தில் இந்தியா வரை போய்க் கற்றுக்கொண்ட வித்தையை, டிக்கெட் வாங்காமல் உள்ளே வரும் தொழிலாளிக் குடும்பங்களுக்குக் கிப்சன் காட்டினார். அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் இங்கிலாந்தைத் தாண்டப் போவதில்லை. அவர்கள் முகத்துக்கு நேராக ஒரு முழம் அகலத்துக்குப் பச்சை இலை. சும்மாவா கூட்டம் வரும்?

ஒரு கிழங்கின் ஒரு வருஷம்

குளிர் நாட்டில் கிழங்குச் செடியை வளர்ப்பது எப்படி? முறை அன்றும் இன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மார்ச் மாதம் கிழங்கை எழுப்ப வேண்டும். அப்போது வெளியே குளிர் போயிருக்காது. அதனால் அந்தக் காலத்துத் தோட்டக்காரர் குதிரைச் சாணியையும் வைக்கோலையும் கலந்து குவிப்பார். அது நொதிக்கும்போது வரும் சூட்டின் மேல் மண் போட்டு, கண்ணாடிச் சட்டத்தால் மூடினால் இலவச அடுப்பு ரெடி. குதிரை வண்டி ஓடிய காலத்தில் சாணிக்கா பஞ்சம்? கல்வாழையை வெட்டி நடும்போது துண்டுக்கு ஒரு முளையாவது இருக்க வேண்டும். நம் ஊரில் சேனையையும் மஞ்சளையும் முளை பார்த்து நடுவது போலத்தான்.

முளைத்ததும் தொட்டிக்கு மாற்றுவார்கள். மே மாதத்தில் பகலில் வெளியே வைத்து ராத்திரி உள்ளே எடுத்து, குளிர் காற்றுக்குப் பழக்குவார்கள். உறைபனி இனி இல்லை என்று உறுதியானபின், மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ தரையில் நடுவார்கள். மக்கிய உரமும் தண்ணீரும் தாராளமாக வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் செடி முழு அழகில் நிற்கும்.

அக்டோபரில் முதல் உறைபனி. இலை கறுத்ததும் தண்டை வெட்டி, கிழங்கைத் தோண்டி, மண்ணைத் தட்டி, சில நாள் உலர்த்தி, பெட்டியில் காய்ந்த மணலோ கரிமண்ணோ போட்டு மூடி வைப்பார்கள். கல்வாழைக்கு உறையாத இடம் போதும். சேம்புக்குப் பத்து டிகிரியாவது இருந்தால் நல்லது. கலாடியம் கொஞ்சம் செல்லப்பிள்ளை, அதற்குப் பதினைந்து டிகிரிக்கு மேல் கேட்கும். ரொம்ப ஈரம் இருந்தால் அழுகும், ரொம்பக் காய்ந்தால் சுருங்கும். அதனால் அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்குப் பதிவியல் மொழியில் சொன்னால், பனைக்கும் வாழைக்கும் செலவு நிலையான செலவு. வெளியே செடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பாய்லர் எரிந்தே ஆக வேண்டும். கிழங்குக்கு ஆறு மாதம் செலவே கிடையாது. அதற்கு மேல் வட்டியும் உண்டு. ஒரு கல்வாழைக் கிழங்கை நட்டால் அக்டோபரில் ஒரு கொத்தாகத் தோண்டலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தது போகவும் மிச்சம் இருக்கும்.

ராபின்சன் கேட்ட கேள்வி

இந்த மோகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் வில்லியம் ராபின்சன். அயர்லாந்தில் பிறந்து, தோட்டக்காரப் பையனாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1867-ல் பாரிஸ் போய்ப் பூங்காக்களைச் சுற்றிப் பார்த்து எழுதினார். 1871-ல் துணை வெப்பமண்டலத் தோட்டத்தைப் பற்றியே ஒரு புத்தகம் வெளியிட்டார்.

ராபின்சனைப் பற்றி ஒரு கதை உண்டு. அயர்லாந்தில் வேலை பார்த்தபோது எஜமானரோடு சண்டை போட்டு, கடும் குளிர்கால இரவில் கண்ணாடி வீட்டு அடுப்புகளை அணைத்துவிட்டு, ஜன்னல்களையும் திறந்துவிட்டு ஊரை விட்டுப் போனார் என்பார்கள். வரலாற்றாசிரியர்கள் இதை நம்புவதில்லை. ஆனால் இப்படி ஒரு கதை அவர் மேல் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணாடி வீட்டு ஆடம்பரம் அவருக்குப் பிடிக்காது.

பெரிய இலையின் அழகை ராபின்சன் மறுக்கவில்லை. அந்த அழகுக்காகக் கரி எரிக்க வேண்டுமா என்பதுதான் அவர் கேள்வி. குளிரைத் தாங்கும் யூக்கா, பாம்பாஸ் புல், அகாந்தஸ் போன்றவற்றைக் கொண்டே அதே தோற்றத்தைக் கொண்டுவரலாம் என்றார். சிறிய தோட்டக்காரன் பக்கம் நின்று பேசிய வாதம் இது. கல்வாழையை மட்டும் அவர் கைவிடவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடி கேட்காத செடி என்பதால் அவருடைய கணக்கிலும் அது தேறியது.

அமெரிக்காவில் கலாடியம்

கலாடியத்தின் கதை கொஞ்சம் வேறு. பாரிஸில் ஆல்ஃபிரெட் புளூ என்பவர் பல பத்தாண்டுகள் உழைத்து, சிவப்பு, வெள்ளை, ரோஸ் என்று வண்ண வண்ண இலைகளோடு கலப்பினங்களை உருவாக்கினார். ஆனால் லண்டன், பாரிஸ் கோடை அதற்குப் போதாது. மண்ணே இருபது டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் கிழங்கு கண் திறக்கும். அதனால் ஐரோப்பாவில் அது கண்ணாடிக்குள்ளேயே கிடந்தது.

1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. கல்வாழைகள் அங்கே பெரும் பாத்திகளில் நின்றன. பிரான்சின் லியோன் நகரத்து நர்சரிக்காரர் குரோசி அதற்குள் பெரிய பூக்கள் கொண்ட கல்வாழைகளை உருவாக்கியிருந்தார். 'பாப்பா கன்னா' என்றே அவருக்குப் பட்டப்பெயர். அதே கண்காட்சிக்குப் பிரேசிலிலிருந்து அடால்ஃப் லைட்சே என்பவரின் கலாடியங்களும் வந்தன. அவற்றைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர் ஹென்றி நேர்லிங். பள்ளி ஆசிரியராக இருந்தவர், பறவை ஆராய்ச்சியாளர். ஃபுளோரிடாவின் கோதா என்ற ஊரில் தோட்டம் போட்டுக் கலாடியம் வளர்ப்பதிலேயே மூழ்கினார். 1917-ல் வந்த கடும் உறைபனி அவர் தோட்டத்து வெப்பநாட்டுச் செடிகளை நாசம் செய்தது. அதன் பிறகு இன்னும் தெற்கே, நேப்பிள்ஸ் என்ற ஊருக்குப் போய் மறுபடியும் ஆரம்பித்தார்.

இன்று அதே ஃபுளோரிடாவில் லேக் பிளாசிட் என்ற சின்ன ஊர் 'உலகக் கலாடியம் தலைநகரம்' என்று சொல்லிக்கொள்கிறது. உலகச் சந்தைக்குப் போகும் கலாடியம் கிழங்குகளில் பெரும்பகுதி அந்த வட்டாரத்து வயல்களில் விளைபவை. சிகாகோ மாதிரியான ஊர்களில் குளிர்காலம் கொடுமையாக இருந்தாலும் கோடை நம் ஊர் மாதிரியே கொளுத்தும். அதனால் வசந்தத்தில் கிழங்கை வாங்கி நட்டால் கோடை முழுக்க வண்ண இலை பார்க்கலாம்.

இந்த வியாபாரம் சாத்தியமானதே கிழங்கு தூங்கும் குணத்தால்தான். பிரிட்டனில் பார்சல் தபால் 1883-ல் தொடங்கியது, அமெரிக்காவில் 1913-ல். இலையோடு ஒரு சேம்புச் செடியைத் தபாலில் அனுப்ப முடியுமா? தூங்கும் கிழங்கை உருளைக்கிழங்கு மாதிரிக் கட்டி அனுப்பலாம். கோமகன் ஒரு செடிக்காக ஆளைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஐம்பது வருஷத்துக்குள் ஒரு பள்ளி ஆசிரியர் விலைப்பட்டியல் பார்த்துக் கடிதம் போட்டால் வெப்பநாட்டுச் செடி வீடு தேடி வந்தது.

கரி தீர்ந்த நாள்

1914-ல் முதல் உலக யுத்தம். கார்ன்வாலில் ஹெலிகன் என்ற பெரிய தோட்டம் இருந்தது. அங்கே வேலை பார்த்த தோட்டக்காரர்கள் 1914 ஆகஸ்டில் தங்கள் கழிப்பறைச் சுவரில் பெயர்களைப் பென்சிலால் எழுதி வைத்தார்கள். பலர் போர்க்களத்திலிருந்து திரும்பவே இல்லை. தோட்டம் கவனிப்பாரற்றுப் புதர் மூடிப்போனது. 1990-ல் அதை மீட்கும் வேலை தொடங்கியபோதுதான் அந்தப் பெயர்கள் வெளியே தெரிந்தன. ராத்திரி எழுந்து பாய்லருக்குக் கரி போட்ட கைகள் எங்கே போயின என்பதற்கு அந்தச் சுவர்தான் சாட்சி.

சாட்ஸ்வொர்த்திலும் யுத்த காலத்தில் கரியும் இல்லை, ஆளும் இல்லை. கிரேட் ஸ்டோவின் அடுப்புகள் அணைந்தன. பனைகளும் வாழைகளும் குளிரில் செத்தன. மகாராணி வண்டியில் சுற்றி வந்த அந்தக் கண்ணாடி மாளிகையை 1920-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். எண்பது வருஷ மாளிகை! பாக்ஸ்டன் அதை உறுதியாகக் கட்டியிருந்ததால் ஒரே வெடியில் விழவும் இல்லை.

பேட்டர்சீயும் தப்பவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பூங்காவின் ஒரு பகுதி காய்கறித் தோட்டமானது. வேடிக்கை என்னவென்றால், சேம்பு அலங்காரமாக நின்ற பூங்காவில் பசிக்காக உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் நட வேண்டி வந்தது.

பிரபுக்களின் வெப்பநாடு இப்படி ஒரு தலைமுறையில் சரிந்தது. கல்வாழை மட்டும் எங்கும் போகவில்லை. கடற்கரை ஊர்களின் பூங்காப் பாத்தியில், ரயில் நிலைய ஓரத்தில், தொழிலாளி வீட்டு முற்றத்தில் வருஷா வருஷம் எழுந்து நின்றது. அதற்குக் கண்ணாடியும் வேண்டாம், பாய்லரும் வேண்டாம், இரவுக் காவலுக்கு ஆளும் வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருந்தால் போதும்.

மறுபடியும்

மோகம் ஒருநாள் திரும்பியும் வந்தது. இங்கிலாந்தின் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தில் ஒரு பழைய ரோஜாத் தோட்டம் இருந்தது. அதை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், நம் டெல்லி ராஷ்டிரபதி பவனைக் கட்டிய அதே லட்யன்ஸ். 1993-ல் தோட்ட எழுத்தாளர் கிறிஸ்டோபர் லாயிட், தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் கேரட்டோடு சேர்ந்து அந்த ரோஜாக்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கல்வாழையும் வாழையும் டாலியாவும் நட்டார். ரோஜா ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2006-ல் லாயிட் மறைந்த பிறகும் அந்தத் தோட்டம் தொடர்ந்தது. பேட்டர்சீ பூங்காவைச் சீரமைத்தபோது கிப்சனின் துணை வெப்பமண்டலத் தோட்டத்துக்கும் மறுவாழ்வு கிடைத்தது.

காலநிலையும் மாறுகிறது. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. தெற்கு இங்கிலாந்தில் பலர் கல்வாழையைத் தோண்டாமலே, மேலே தழை மூடாக்குப் போட்டு மண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று அந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். அதே 2022-ல் எரிவாயு விலை ஏறியபோது கண்ணாடி வீடு வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். ராபின்சன் கேட்ட கேள்வி 150 வருஷம் கழித்து மின்கட்டண ரசீதில் வந்து நின்றது.

ஒரு அழகு எத்தனை நாள் நிலைக்கும் என்பதை அதன் பிரம்மாண்டம் தீர்மானிப்பதில்லை. அதைக் காப்பாற்ற எத்தனை பேர் எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும் என்பதுதான் தீர்மானிக்கிறது. 7 மைல் குழாய் ஓடிய மாளிகை போன இடம் தெரியவில்லை. மணல் பெட்டியில் தூங்கிய கிழங்கு இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த தடவை சேப்பங்கிழங்கு வறுவல் தட்டில் விழும்போது, அதற்கு ஒரு லண்டன் கதையும் உண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு கிழங்கை வறுக்காமல் மிச்சம் வைத்து, தொட்டியில் நட்டுப் பாருங்கள். அந்த இலையில் உருளும் தண்ணீரைப் பார்க்க நமக்கு டிக்கெட்டும் வேண்டாம், பாய்லரும் வேண்டாம்!